பிள்ளைகள் பார்க்கும் நேரத்தைக் கணக்கில் எடுங்கள்

தொலைக்காட்சியில் வரும் தின்பண்ட விளம்பரங்கள் பள்ளிப் பிள்ளைகளை எவ்வளவு பாதிக்கின்றன என்று அறிய, வகுப்பில் கேள்வித்தாள் கொடுப்பதுதான் நமக்கு முதலில் தோன்றும் வழி. "விளம்பரம் பார்த்துத்தான் வாங்குகிறாயா?" என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் இல்லை என்றே எழுதுவார்கள். "சிப்ஸ் உடம்புக்கு நல்லதா?" என்றாலும் சரியான விடைதான் வரும். இந்த விடைகளை நம்பி எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஒரு கோடை முகாமில் கோர்ன், கோல்ட்பர்க் இருவரும் நடத்தி 1982-இல் வெளியிட்ட ஆய்வை இதற்குச் சான்றாகச் சொல்வேன். 5 முதல் 8 வயதுப் பிள்ளைகளில் சிலருக்குக் கார்ட்டூனுக்கு இடையே மிட்டாய் விளம்பரங்களையும் சிலருக்குப் பழ விளம்பரங்களையும் காட்டி, பிறகு எதை எடுத்துத் தின்கிறார்கள் என்று கவனித்தார்கள். முகாம் மருத்துவர் பழம் தின்னச் சொல்வார் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்தே இருந்தது. ஆனாலும் மிட்டாய் விளம்பரம் பார்த்தவர்கள் மிட்டாயைத்தான் கூடுதலாக எடுத்தார்கள். 2009-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு இதைவிடக் கவலை தருவது. 7 முதல் 11 வயதுப் பிள்ளைகள், உணவு விளம்பரங்களோடு கார்ட்டூன் பார்த்தபோது, வேறு விளம்பரங்கள் பார்த்தவர்களைவிட 45 சதவீதம் அதிகமாகக் கொறித்தார்கள். அவர்கள் முன்னால் வைத்திருந்ததோ விளம்பரத்தில் வராத பண்டம். ஆகவே, விளம்பரப்படுத்திய பண்டத்தின் விற்பனைக் கணக்கை மட்டும் பார்த்தாலும் முழுப் பாதிப்பும் பிடிபடாது.

நம் நாட்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், சிப்ஸ், குளிர்பானம் போன்றவற்றின் விளம்பரங்களைக் குழந்தைகளுக்கான அலைவரிசைகளிலும் நிகழ்ச்சிகளிலும் தடை செய்கின்றன. நல்ல விதிதான். ஆனால் நான் மாலை வகுப்பு நடத்தும் தாராவியில், ஒற்றை அறை வீட்டில் ஒரே தொலைக்காட்சிதான் இருக்கிறது. இரவில் அது ஆச்சியின் சீரியலுக்கோ அப்பாவின் கிரிக்கெட்டுக்கோ உரியது. நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி, கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய் பாக்கெட்டுகளில் ஒன்றைக் காட்டி, அதன் இந்தி விளம்பர வரியை ராகம் பிசகாமல் பாடினாள். எங்கே கேட்டாய் என்றேன். "ஆச்சி சீரியல் பாக்கும்போது வரும் மிஸ்" என்றாள். அவள் வீட்டில் குழந்தைகள் அலைவரிசை எதற்கும் பணம் கட்டுவதே இல்லை. இந்த விதி அவளை எப்படிக் காக்கும்?

எந்த நேரத்தில் எத்தனை பிள்ளைகள் திரை முன் இருக்கிறார்கள் என்ற மதிப்பீடு விளம்பரதாரர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. தொலைக்காட்சியை யார், எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அளவிடும் பார்க் இந்தியா நிறுவனம், மாதிரிக்காகத் தேர்ந்தெடுத்த வீடுகளில் வைத்திருக்கும் கருவியில், பார்ப்பவர் ஒவ்வொருவரும் தமக்குரிய பொத்தானை அழுத்த வேண்டும். அதனால் வயது வாரியான கணக்கு கிடைக்கிறது. அதே கணக்கை ஆணையமும் வாங்கி, அந்தந்த நேரத்தில் ஓடிய தின்பண்ட விளம்பரங்களோடு பொருத்திப் பார்த்து, நிகழ்ச்சி யாருக்கானதாக இருந்தாலும் பிள்ளைகள் அதிகம் பார்க்கும் நேரத்துக்குத் தடையை விரிவாக்க வேண்டும். இந்தக் கணக்கெடுப்பு பள்ளி நாட்களோடு நின்றுவிடவும் கூடாது. ஐபிஎல் ஆட்டங்கள் நடக்கும் ஏப்ரல், மே மாதங்களில்தான் பிள்ளைகளுக்கு விடுமுறை தொடங்குகிறது, அவர்கள் இரவு வெகுநேரம் விழித்திருப்பதும் அப்போதுதான்.