மெலடோனின் மாத்திரையும் 709 நோயாளிகளும்

போன வாரம் சித்தி மகன் போன் செய்தான். சித்திக்கு நுரையீரல் புற்றுநோய், அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம் ஆகிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு வீடியோ போட்டிருக்கிறார்கள். மெலடோனின் மாத்திரை புற்றுநோயை அடக்குமாம், இத்தாலிய மருத்துவர் ஒருவர் எப்போதோ நிரூபித்துவிட்டாராம், மருந்துக் கம்பெனிகள் மூடி மறைத்துவிட்டனவாம். "அண்ணே, அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்கட்டுமா?" என்று கேட்டான்.

அவனுக்குப் போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். இந்த வீடியோ இன்னும் பல வீடுகளுக்குப் போயிருக்கும்.

அந்த மருத்துவர் பாவ்லோ லிசோனி. மிலான் அருகே மோன்சா நகரின் சான் ஜெரார்தோ மருத்துவமனையில் வேலை பார்த்தவர். மெலடோனின் என்பது இருட்டியதும் மூளையின் பீனியல் சுரப்பி சுரக்கும் ஹார்மோன். கீமோதெரபி பலன் தராத, இனிச் செய்ய அதிகமில்லை என்று சொல்லப்பட்ட நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார் லிசோனி. 1992இல் அவர் வெளியிட்ட நுரையீரல் புற்றுநோய் ஆய்வில் 63 பேர். 1999இல் வந்த ஆய்வில் 250 பேர். இந்த இரண்டாவது ஆய்வில், கீமோவோடு தினமும் 20 மில்லிகிராம் மெலடோனின் எடுத்தவர்களில் ஓராண்டைத் தாண்டியவர்கள் அதிகம், பக்கவிளைவுகளும் குறைவு என்று எழுதினார். எல்லோரும் கைவிட்ட நோயாளிகளின் பக்கத்தில் நின்று ஒருவர் கேட்ட கேள்வி என்பதால் எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு.

கேள்விக்கு அடிப்படையும் இருந்தது. அமெரிக்காவில் டேவிட் பிளாஸ்க் குழு 2005இல் செய்த சோதனையைப் பாருங்கள். பெண்களிடம் பகலில், இரவு இருட்டில், இரவில் பளிச்சென்ற வெளிச்சத்தில் இருந்த பிறகு என மூன்று வேளை ரத்தம் எடுத்தார்கள். எலிகளில் வளர்த்த மனித மார்பகப் புற்றுக்கட்டிகள் வழியே அந்த ரத்தத்தைச் செலுத்தினார்கள். மெலடோனின் நிறைந்த இருட்டு நேர ரத்தம் கட்டியின் வளர்ச்சியைத் தடுத்தது. வெளிச்சம் பட்ட ரத்தம் தடுக்கவில்லை. அதிலேயே மெலடோனினைச் சேர்த்ததும் மறுபடியும் தடுத்தது. படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. ஆனால் எலியில் இருக்கும் கட்டி வேறு, வீட்டில் படுத்திருக்கும் சித்தி வேறு.

சரி, மறைத்தார்களா? 2005இல் கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அதுவரை வந்த 10 ஆய்வுகளை, மொத்தம் 643 நோயாளிகளை, ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். ஓராண்டுக்குள் இறக்கும் அபாயம் 34 சதவீதம் குறைவு என்று வந்தது. அதையும் வெளிப்படையாகத்தான் அச்சிட்டார்கள். ஒரு குறையும் இருந்தது. யாருக்கு மெலடோனின், யாருக்கு இல்லை என்பது அந்த ஆய்வுகளில் மருத்துவருக்கும் தெரியும், நோயாளிக்கும் தெரியும். பெரும்பாலானவை லிசோனியின் குழுவிலிருந்தே வந்தவை. நம்பிக்கையோடு கொடுப்பவரின் கவனிப்பே கூடுதலாக இருந்திருக்கலாம். அதைப் பிரித்துப் பார்க்க வழியில்லை.

அந்தக் கணக்கைப் போட்டவர்களில் ஒருவர் டுகால்ட் சீலி, இயற்கை மருத்துவம் படித்தவர். மெலடோனின் வேலை செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தால் அதில் ஆச்சரியமில்லை. அவரே அடுத்த கட்டத்துக்கும் இறங்கினார். நுரையீரல் புற்றுக்கட்டியை அறுவை செய்து அகற்றிய 709 பேரைக் கனடாவில் சேர்த்தார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு இரவில் 20 மில்லிகிராம் மெலடோனின், மீதிப் பேருக்கு அதேபோன்ற வெற்று மாத்திரை, ஒரு வருடத்துக்கு. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. முடிவு 2021இல் வந்தது. இரண்டு ஆண்டுகளில் நோய் திரும்பாமல் இருந்தவர்களின் விகிதம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே.

நோய் முற்றிய நிலையில் இருந்தவர்களிடம் மட்டும் ஐந்தாண்டுக் கணக்கில் ஓரளவு நன்மை தெரிந்தது. அதையும் மறைக்காமல் எழுதி, மேலும் ஆராய வேண்டும் என்றார்கள். இதற்கு முன்பே, மூளைக்குப் பரவிய புற்றுநோயில் ஆயுள் கூடுகிறதா என்று அமெரிக்காவில் சோதித்தார்கள், கூடவில்லை. பசியும் எடையும் தேறுமா என்று ஹூஸ்டனில் பார்த்தார்கள், அதுவும் தேறவில்லை.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். வீடியோ போடுகிறவர்கள் லிசோனியின் பெயரைச் சொல்கிறார்கள், சீலியின் பெயரைச் சொல்வதில்லை. அந்த 709 பேரும் வலியோடும் பயத்தோடும் ஒரு வருடம் மாத்திரை விழுங்கியது நமக்கு ஒரு பதில் கிடைக்கத்தான். அந்தப் பதிலை விட்டுவிட்டுப் பழைய நம்பிக்கையை மட்டும் பரப்புவது அவர்களுக்குச் செய்யும் துரோகம்.

தம்பியிடம் பேசப் பேச வேறொன்று வெளியே வந்தது. சித்தி ராத்திரியில் தூங்குவதே இல்லையாம், இரண்டு மணிக்கெல்லாம் எழுந்து கூடத்தில் உட்கார்ந்துவிடுகிறாராம். இதை அவன் மருத்துவரிடம் சொல்லவே இல்லை. செவ்வாய்க்கிழமை போகும்போது முதலில் இதைச் சொல், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் எடுத்துப் போ என்றேன். தூக்கத்துக்கு மெலடோனின் சரிப்படுமா என்பதையும் அவரிடமே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.