கழுத்துச் சொடக்கு வேண்டாம், அண்ணே

காட்பாடியில் நான் முடி வெட்டிக்கொள்ளும் கடையில், வேலை முடிந்ததும் கேட்காமலேயே தலையை ஒரு பக்கம் திருப்பிப் 'படக்' என்று சொடக்கு எடுத்துவிடுவார்கள். இலவசம். இருபது வருடங்களாக அதைச் சுகம் என்று நினைத்து உட்கார்ந்திருந்தவன்தான் நானும்.

குடியாத்தத்தில் இருக்கும் என் சித்தி மகனுக்கு வயது 36. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு எதுவும் இல்லை. ஒரு ஞாயிறு சொடக்கு எடுத்துக்கொண்டு வந்தான். மறுநாள் இடது கழுத்திலும் அதே பக்கத் தலையிலும் வலி. சித்தி நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தார். சுளுக்கு எடுப்பவர் ஒருவர் மறுபடி இழுத்துவிட்டார். மூன்றாம் நாள் நான் போனபோது இடது இமை பாதி இறங்கியிருந்தது. அந்தக் கண்ணின் பாவை மட்டும் மிளகளவு சிறுத்திருந்தது. "தூக்கம் இல்லை அண்ணா, வேறொன்றும் இல்லை" என்றான்.

கழுத்துத் தமனி கிழிந்திருக்கிறது என்று பிறகு வேலூர் மருத்துவமனையில் சொன்னார்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகக் கழுத்தில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு தமனிகள். சுவர் வெடிப்பில் மழைத்தண்ணீர் இறங்கிக் காரை உப்புமே, அதுபோலத் தமனியின் உட்சுவர் கிழிந்து ரத்தம் உள்ளே புகுந்து வீங்குகிறது. வழி குறுகுகிறது, அங்கே உறையும் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இமைக்கும் பாவைக்கும் போகும் நரம்பு முன்தமனியைச் சுற்றித்தான் ஏறுகிறது. கழுத்துக் கிழிசல் கண்ணில் தெரிந்தது அதனால்தான். ஐம்பதுக்குக் கீழே வரும் பக்கவாதத்துக்கு இது முக்கியமான காரணங்களில் ஒன்று.

சொடக்கால்தான் கிழிந்தது என்று மருத்துவர் அடித்துச் சொல்லவில்லை. பலமான இருமலில் கிழியலாம், காரணமே இல்லாமலும் கிழியலாம் என்றார். சரி. ஆனால் வலி வந்த பிறகு நடந்த அந்த இரண்டாவது இழுப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறை 1949இல் தொடங்கிய ஊர் வேலூர். வங்காளத்திலிருந்துகூட வைத்தியத்துக்கு ரயிலேறி வருகிறார்கள். முப்பது சொச்சம் கிலோமீட்டர் வர எங்களுக்கு மூன்று நாள் ஆனது!

ஆபரேஷன் இல்லை. ஆஸ்பிரின் மாத்திரை, ஆறு மாதம். "இவ்வளவுதானா?" என்று சித்திக்கு ஏமாற்றமே. உறைவைத் தடுக்கும் வலுவான மருந்தையும் ஆஸ்பிரின் வகையையும் 250 பேரிடம் ஒப்பிட்டு 2015இல் வெளியான ஆய்வில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. பெரும்பாலும் சுவர் தானாகவே ஆறிவிடும். அவனுக்கும் ஆறிவிட்டது, ஸ்கேனில் பார்த்தோம். பேச்சு குழறியோ கை விழுந்தோ இருந்தால் கதை வேறு: உறைவைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

போன ஞாயிறு கடைக்காரரின் கை என் தாடைக்கு வந்தது. "வேண்டாம் அண்ணே" என்றேன். "பயமா?" என்று சிரித்தார். ஆமாம் என்றேன்.