ஊற்றும்போதும் குமிழி வரும்
மெழுகு மாதிரியைச் சுற்றி ஊற்றி, உலோகம் வார்க்க அச்சு எடுக்கும் பவுடர்-தண்ணீர் கலவையை வெற்றிடக் கலவை இயந்திரத்தில் கலக்கிவிட்டால் குமிழிப் பிரச்சினையே இல்லை என்று இங்கே வந்த கட்டுரை சொல்வது பாதிதான் உண்மை. பல் லேபில் பதினாறு வருடமாக கிரௌன் (பல்லுக்கு மேல் மாட்டும் உறை) வார்க்கிறேன். கலவைக்குள் இருக்கும் காற்றை இயந்திரம் எடுத்துவிடும், சரி. ஊற்றும்போது மெழுகு மாதிரியின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும் காற்றை யார் எடுப்பது? குமிழி நின்ற இடத்தில் உலோகம் புகுந்து, கிரௌனின் உள்பக்கம் கடுகில் பாதி அளவுக்கு ஒரு மணியாக நிற்கும். அது இருந்தால் கிரௌன் பல்லில் முழுசாக உட்காராது. லென்ஸ் வைத்துத் தேடி உரச வேண்டும். மார்ஜினில், அதாவது கிரௌனின் விளிம்பில், விழுந்துவிட்டால் மறுபடி மெழுகிலிருந்து ஆரம்பம். அதனால் கலவையை முதலில் மெல்லிய பிரஷ்ஷால் மெழுகின் உள்பக்கம் தடவிவிட்டு, பிறகு மெழுகு மாதிரி நிற்கும் ரிங்கை வைப்ரேட்டரில் வைத்து ஒரு ஓரமாக மெல்ல ஊற்றுகிறேன். புது மெஷின் வாங்கியும் அச்சு ஓட்டை ஓட்டையாக வருகிறது என்று மேலே எழுதிய நண்பர், கலக்கும் கிண்ணத்து மூடியின் ரப்பர் வளையத்தைப் பார்க்கட்டும். காய்ந்த பவுடர் ஒட்டியிருந்தால் காற்று கசியும், வெற்றிடத்தைக் காட்டும் கேஜ் முள் ஏறவே ஏறாது. அப்புறம், தண்ணீரை முதலில் விட்டு, அதன்மேல் பவுடரைப் போட்டு, எல்லாம் நனையும்வரை கையால் கிளறிய பிறகே மூடியைப் போடுங்கள்.