பழைய பைதான் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் பள்ளி லேப் பார்க்கும் மாஷ்களுக்கும், வீட்டு லேப்டாப்பில் கேரளப் பள்ளிகளுக்கான கைட் லினக்ஸ் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கைட் 22.04-க்கு அடித்தளம் உபுண்டு 22.04. அதோடு வருவது பைதான் என்ற நிரல்மொழியின் 3.10 பதிப்பு. பள்ளிப் பாடத்துக்கு அது தாராளம். "பழசாச்சே, 3.13 போட்டுடலாமே" என்று கை அரிக்கும்போதுதான் வினை ஆரம்பம்.

புதியதைப் போடுவதில் தப்பில்லை, பழையதன் மேல் ஏற்றுவதுதான் தப்பு. உபுண்டுவின் சொந்தக் காரியங்கள் பல அந்த 3.10-ஐ நம்பித்தான் ஓடுகின்றன. யூஸ்ர் பின்னில் இருக்கும் பைதான்3 என்கிற இணைப்பை 3.13 பக்கம் திருப்பிப் பாருங்கள், டெர்மினல் ஐகானை அழுத்தினால் ஒன்றும் திறக்காது. காரணம், அதைத் திறந்துவிடுவதே ஒரு பைதான் ஸ்கிரிப்ட். வெளிச் சேமிப்பகங்களைச் சேர்க்கும் ஆட்-ஆப்ட்-ரெப்பாசிட்டரி கமாண்டும் ஆப்ட்_பிகேஜி மாட்யூல் இல்லை என்று விழும். அந்த மாட்யூல் 3.10-க்காகக் கம்பைல் ஆனது, 3.13-க்கு அது தெரியாது. யூடியூப் வீடியோ பலவற்றில் இந்த இணைப்பைத் திருப்பிவிடும் அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் கமாண்டைக் கூசாமல் சொல்லிக்கொடுக்கிறார்கள். கேட்காதீர்கள்.

ஏற்கெனவே திருப்பிவிட்டீர்களா? கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரை வரும். லாகின் செய்து, அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸில் பைதான்3-க்கு ரிமூவ்-ஆல் கொடுங்கள். பிறகு அதே பெயரில் பைதான்3.10-க்கு எல்என் -எஸ்எஃப் மூலம் இணைப்பைப் புதிதாகப் போடுங்கள். ஃபார்மேட் அடிக்க வேண்டியதில்லை.

சரி, முறையான வழி. உபுண்டுவுக்குப் புதிய பைதான் தருவதில் பிரபலமான பிபிஏ (உபுண்டுவுக்கு வெளியே உள்ளவர்கள் நடத்தும் பேக்கேஜ் சேமிப்பகம்) டெட்ஸ்நேக்ஸ். பெயருக்கு 'செத்த பாம்புகள்' என்று அர்த்தம், ஆனால் உயிருள்ள பாம்புகளும் கிடைக்கும். சூடோ ஆட்-ஆப்ட்-ரெப்பாசிட்டரி பிபிஏ:டெட்ஸ்நேக்ஸ்/பிபிஏ என்று சேர்த்து, ஆப்ட் அப்டேட் ஓட்டி, பைதான்3.13 மட்டுமல்ல, பைதான்3.13-வென்வ், பைதான்3.13-டிகே இரண்டையும் சேர்த்தே நிறுவுங்கள். வென்வ் என்பது ஒவ்வொரு வேலைக்கும் தனிப் பைதான் சூழல் கட்டும் கருவி; அது இல்லாவிட்டால் என்சுர்பிப் கிடைக்கவில்லை என்று நிற்கும். திரையில் ஜன்னல் திறக்க உதவும் டிகே இல்லாவிட்டால் டர்ட்டில் ஓடாது. ஆமையை வைத்துப் படம் வரையும் பிள்ளைகள் முதல் வரியிலேயே டிகிண்டர் பிழையில் மாட்டுவார்கள். ஏற்கெனவே இருக்கும் பைதான்3-டிகே 3.10-க்கு மட்டுமே உதவும்.

இனி ஒவ்வொரு வேலைக்கும் பைதான்3.13 -எம் வென்வ் என்று தனி அறை கட்டிக்கொள்ளுங்கள். வெளியே நேராக 3.13-ஐ ஓட்டினால், ஆப்ட் வழி வந்த நம்பை என்ற கணக்கு நூலகம் அதன் கண்ணில் படும். ஆனால் அது 3.10-க்குக் கம்பைல் ஆனதால் இம்போர்ட்டில் உடையும். வென்வுக்குள் அந்தத் தொல்லை இல்லை. நூலகங்களை நிறுவும் பிப்பை சூடோவோடு ஓட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஜிஎஸ்டி வருவதற்கு முன் வாளையார் செக்போஸ்ட்டில் லாரியை நிறுத்தினால் முதலில் பில்லைத்தான் கேட்பார்கள். பிபிஏ சரக்குக்கும் அப்படித்தான். ஆப்ட்-கேஷ் பாலிசி பைதான்3.13 என்று அடித்தால் பேக்கேஜ் எந்த ஊர்ச் சரக்கு என்று தெரியும். பிபிஏக்களை வைத்திருக்கும் லாஞ்ச்பேட் தளத்தின் சாவியால் கையெழுத்தானது என்பதால் வழியில் யாரும் மாற்றவில்லை என்பது உறுதி. அனுப்பியவர் நாளையும் அனுப்புவாரா என்பதற்கு அந்தக் கையெழுத்து பொறுப்பல்ல. டெட்ஸ்நேக்ஸ்காரர்களே பாதுகாப்புத் திருத்தங்கள் உரிய நேரத்தில் வரும் என்று உறுதி தருவதில்லை. தன்னார்வலர்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் வெளியுலகுக்குத் திறந்திருக்கும் சர்வரில் இதை வைக்கும் முன் யோசிக்க வேண்டும்.

பலர் கோட்டைவிடும் இடம் இன்னொன்று. உபுண்டுவின் தானியங்கி அப்டேட் இயல்பாகப் பிபிஏ பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஆப்ட் அப்டேட், ஆப்ட் அப்கிரேட் இரண்டையும் நீங்கள்தான் கையால் ஓட்ட வேண்டும். அதிலும் 3.13-க்குள் வரும் சின்னத் திருத்தங்கள்தான் வரும், 3.14 தானாக வராது. அது வேறு பேக்கேஜ், பழைய வென்வும் அதற்கு உதவாது. நிறுவிய நூலகங்களின் பட்டியலைப் பிப் ஃப்ரீஸ் மூலம் எடுத்து வைத்து, புதிய வென்வில் திரும்ப நிறுவுவதே வழி. உபுண்டுவையே 24.04-க்கு ஏற்றினால் பிபிஏ முடக்கப்பட்டுவிடும்; மறுபடி சேர்க்க வேண்டும். அங்கே சிஸ்டம் பைதான் 3.12, ஆகவே 3.10-ஐ நம்பிய வென்வ்கள் எல்லாம் காலி.

நெட் மெதுவாக இருக்கும் லேபுக்கு ஒரு வழி உண்டு. முதல் கம்ப்யூட்டரில் ஆப்ட் என்பதற்குப் பதிலாக ஆப்ட்-கெட் பயன்படுத்தி நிறுவுங்கள். ஆப்ட் நிறுவி முடித்ததும் இறக்கிய டெப் (பேக்கேஜ்) கோப்புகளை அழித்துவிடும், ஆப்ட்-கெட் வைத்திருக்கும். வார், கேஷ், ஆப்ட், ஆர்க்கைவ்ஸ் என்று உள்ளே போய் எல்லாவற்றையும் பென்டிரைவில் எடுத்து, அதே 22.04 இருக்கும் மற்ற கம்ப்யூட்டர்களில் டிபிகேஜி -ஐ ஓட்டலாம். பிபிஏ சேர்க்காத அந்தக் கம்ப்யூட்டர்களுக்கு அப்டேட்டும் பென்டிரைவில்தான் போக வேண்டும். எந்தத் தேதியில் எந்தப் பதிப்பு ஏற்றினீர்கள் என்று லேப் ரெஜிஸ்டரில் ஒரு வரி எழுதி வையுங்கள், அடுத்து வரும் எஸ்.ஐ.டி.சி. (பள்ளியின் ஐடி ஒருங்கிணைப்பாளர்) உங்களைத் திட்டமாட்டார்.