உன் எம்எம்ஆர் எவ்வளவு?

(இரவு பதினொரு மணி. நவீன் காதில் ஹெட்செட், கையில் மவுஸ். பாட்டி கோமதி தடுப்பூசிப் பிரிவில் 32 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையை விட்டு வந்துவிட்டார், அந்தக் காது மட்டும் இன்னும் டியூட்டியில் இருக்கிறது.)

நவீன்: ஐயோ, போச்சு! என் எம்எம்ஆர் போச்சு!

பாட்டி: (கதவைத் தள்ளிக்கொண்டு வந்து) என்னடா போச்சு? அது போட்டால் போட்டதுதான், எங்கே போகும்?

நவீன்: 2840 இருந்தது பாட்டி. இப்போது 2815.

பாட்டி: 2840 ஊசியா?

நவீன்: (மவுஸைத் தட்டி) இருங்கள், மைக்கை மியூட் பண்ணிவிட்டேன். ஊசி இல்லை பாட்டி, மார்க். மேட்ச்மேக்கிங் ரேட்டிங்.

பாட்டி: மேட்ச்மேக்கிங்கா? எனக்குத் தெரியாமல் பெண் பார்க்கிறாயா?

நவீன்: எதிராளி பார்க்கிறேன். என் திறமைக்குச் சமமான ஆளைத் தேடி என்னோடு மோத விடுவார்கள். ஜெயித்தால் எம்எம்ஆர் ஏறும், தோற்றால் இறங்கும். இந்த மாதம் எப்படியாவது எம்எம்ஆரை 3000க்கு ஏற்றிவிட வேண்டும்.

பாட்டி: (நெஞ்சைப் பிடித்துக்கொண்டு) வாயைக் கழுவு! எம்எம்ஆர் ஏறலாமாடா?

நவீன்: ஏன், ஊசி நல்லதுதானே?

பாட்டி: இது ஊசி இல்லை, வேறு எம்எம்ஆர். பேறுகாலத்தில் இறக்கும் தாய்மார்களின் கணக்கு. ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால் எத்தனை தாய்மார்கள் இறந்தார்கள் என்று பார்ப்போம். அது இறங்கினால்தான் எங்களுக்குச் சந்தோஷம். நீ 25 இறங்கிவிட்டது என்று அழுகிறாய், நாங்கள் கைதட்டுவோம்.

நவீன்: ஆக உங்களுக்கே இரண்டு எம்எம்ஆர்.

பாட்டி: மூன்று. டிஎன்ஏவை நகல் எடுக்கும்போது விழுகிற எழுத்துப்பிழையை செல்லே திருத்திக்கொள்ளும். அதுவும் எம்எம்ஆர்தான். புற்றுநோய் ரிப்போர்ட்டில் வரும்.

நவீன்: வீட்டுக்குள்ளேயே மூன்றை வைத்துக்கொண்டு என் ஒன்றைக் குறை சொல்கிறீர்களே!

பாட்டி: சரி, உன்னுடையதற்கு யார் மார்க் போடுகிறார்கள்? வாத்தியார் உண்டா?

நவீன்: உண்டு, செஸ்ஸில். அர்பாத் ஈலோ என்று ஹங்கேரியில் பிறந்த ஒரு இயற்பியல் பேராசிரியர், அமெரிக்காவில் இருந்தவர். அவர் போட்ட கணக்கை உலக செஸ் அமைப்பு 1970இல் ஏற்றுக்கொண்டது. கேம்கள் பலவும் அந்தக் கணக்கை வைத்து வளர்ந்தவைதான். சமமான மார்க் உள்ள இரண்டு பேர் மோதினால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 400 வித்தியாசம் இருந்தால், மேலே இருப்பவன் பத்து ஜெயித்தால் கீழே இருப்பவன் ஒன்று.

பாட்டி: நீ நன்றாக ஆடினால்?

நவீன்: இன்னும் பலமான ஆளைக் கொண்டுவந்து எதிரே நிறுத்துவார்கள்.

பாட்டி: அவனையும் ஜெயித்தால்?

நவீன்: அவனைவிடப் பலமானவன்.

பாட்டி: அதாவது நீ பாதி ஆட்டம் தோற்கிற வரைக்கும் விடவே மாட்டார்கள். இதற்காகத்தான் மூன்று மாதமாகக் கண் விழிக்கிறாயா?

(நவீன் ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறான். மூடிக்கொள்கிறான். இந்தக் கோணத்தில் அவன் யோசித்ததே இல்லை.)

பாட்டி: எங்கள் எம்எம்ஆர் 1971இல் வந்தது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா. மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஊசி.

நவீன்: பொன்னுக்கு வீங்கியா? எங்கள் டீமிலும் ஒருத்தன் இருக்கிறான். சண்டைக்கே வரமாட்டான், மூலையில் நின்று கோல்டு சேர்த்துக்கொண்டே இருப்பான்.

பாட்டி: இது கன்னம் வீங்குகிற வியாதிடா. 1963இல் மாரிஸ் ஹில்மன் என்ற விஞ்ஞானியின் மகள் ராத்திரியில் வந்து தொண்டை வலி என்று எழுப்பினாள். ஐந்து வயது. தடவிப் பார்த்தால் பொன்னுக்கு வீங்கி. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? காரை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போய்ப் பஞ்சுக்குச்சி கொண்டுவந்தார். மகள் தொண்டையில் தடவி எடுத்த அந்த வைரஸைப் பலவீனப்படுத்தித்தான் தடுப்பூசி செய்தார். அந்த வைரஸ் வகைக்கு அவள் பெயர்தான், ஜெரில் லின்.

நவீன்: எனக்குத் தொண்டை வலி வந்தபோது நீங்கள் வெந்நீர்தான் கொடுத்தீர்கள்.

பாட்டி: உன் பெயரில் வைரஸ் வேறு வேண்டுமா? கேள், அந்த மூன்றில் தட்டம்மைதான் ராட்சசன். எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் ஒரே நோயாளி 12 முதல் 18 பேருக்குப் பரப்பிவிடுவார்.

நவீன்: தனி ஆளாகவா? எங்கள் டீம், எதிர் டீம் எல்லாம் சேர்ந்தே பத்துப் பேர்தானே!

பாட்டி: நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் 2 மணி நேரம் வரை கிருமி காற்றில் இருக்கும்.

நவீன்: லாக் அவுட் ஆன பிறகும் அடிக்கிறதா? இதெல்லாம் ஏமாற்று வேலை, ரிப்போர்ட் பண்ண வேண்டும்.

பாட்டி: இன்னும் இருக்கிறது. பழைய கிருமிகளோடு மோதி உடம்பு கற்றுவைத்த ஞாபகத்தில் ஒரு பங்கையும் அழித்துவிட்டுப் போகும்.

நவீன்: (எழுந்து நிற்கிறான்) அக்கவுண்டை ரீசெட் பண்ணுமா?

பாட்டி: (முதல் தடவையாகப் புரிந்துகொண்டவர் போல) அதேதான். ரீசெட்.

நவீன்: தட்டம்மையின் எம்எம்ஆர் எவ்வளவு இருக்கும் பாட்டி!

பாட்டி: தட்டம்மைக்கு எதிராகத்தானேடா எம்எம்ஆர்... சரி விடு. ஒரு டோஸ் போட்டால் தட்டம்மையிலிருந்து 93 சதவீதம் பாதுகாப்பு, இரண்டு போட்டால் 97.

நவீன்: இரண்டாவது பூஸ்டரா? எங்களிடமும் பூஸ்டர் உண்டு. காசு கொடுத்தால் நமக்குப் பதிலாக நம் அக்கவுண்டில் ஆடி எம்எம்ஆரை ஏற்றித் தருவான்.

பாட்டி: அடப்பாவி! எதிர்வீட்டுப் பையன் கையில் ஊசி குத்திவிட்டு உன் அட்டையில் முத்திரை அடிக்கிற கதையாக இருக்கிறதே!

நவீன்: மாட்டினால் அக்கவுண்டை முடக்கிவிடுவார்கள்.

பாட்டி: முடக்கட்டும். இரண்டாவது டோஸ் பூஸ்டர் இல்லை. முதல் டோஸில் சிலருக்கு உடம்பு காது கொடுத்தே கேட்காது. அவர்களுக்காக மறுபடியும் ஒரு தரம் சொல்வது. உன்னைச் சாப்பிடக் கூப்பிடுவது போல.

(பாட்டி விறுவிறுவென்று உள்ளே போகிறார். பீரோ திறக்கும் சத்தம். மடிப்பில் கிழிந்து பசைநாடா ஒட்டிய பழுப்பு அட்டை ஒன்றோடு திரும்பி வருகிறார். மூக்குக்கண்ணாடி இறங்குகிறது, விரல் ஒவ்வொரு கட்டமாக நகர்ந்து ஓர் இடத்தில் நிற்கிறது.)

பாட்டி: நவீன், உன் எம்எம்ஆர் எவ்வளவு என்றாய்?

நவீன்: 2815.

பாட்டி: ஒன்று.

நவீன்: என்ன ஒன்று?

பாட்டி: முதல் டோஸுக்குத் தேதி இருக்கிறது. இரண்டாவது கட்டம் காலி. ஊரார் பிள்ளைக்கெல்லாம் துரத்தித் துரத்திப் போட்டேன், என் வீட்டுப் பிள்ளை தப்பித்திருக்கிறான்!

நவீன்: இவ்வளவு வருடம் ஆகிவிட்டதே பாட்டி, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா?

பாட்டி: வேண்டாம். நடுவில் குறைந்தது 28 நாள் இடைவெளி இருந்தால் போதும். எத்தனை வருடம் ஆனாலும் போட்டது கணக்கில் இருக்கும்.

நவீன்: சேவ் ஆகியிருக்கிறதா? அப்பாடா. எங்கள் கேமைவிட உங்கள் ஆட்கள் நல்லவர்கள்.

பாட்டி: காலையில் எட்டரைக்குக் கிளம்ப வேண்டும். படு.

நவீன்: இன்னும் ஒரே ஒரு மேட்ச்... (ஹெட்செட்டைக் காதில் வைக்கிறான், முகம் மாறுகிறது) பாட்டி.

பாட்டி: என்ன?

நவீன்: மைக் மியூட் ஆகவே இல்லையாம். டீம் முழுக்கக் கேட்டிருக்கிறது. எதிராளிகூட லைனில் இருக்கிறான்.

பாட்டி: வெந்நீர் விஷயம் வரைக்குமா?

நவீன்: எல்லாமே. அப்புறம் அந்தப் பொன்னுக்கு வீங்கி கேட்கிறான், அவனுக்கு எத்தனை டோஸ் என்று தெரியாதாம், அட்டையும் இல்லையாம், என்ன செய்வது என்று.

பாட்டி: (நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து) அந்த மைக்கை இப்படிக் கொடு.