பதேர் பாஞ்சாலி ஆஸ்கர் வாங்கியதா?

"சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கரை வென்ற முதல் இந்தியப் படம் பதேர் பாஞ்சாலி" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. இது தவறு. அந்தப் படம் ஆஸ்கர் வாங்கவில்லை, பரிந்துரைப் பட்டியலிலும் இடம்பெறவில்லை. வெளிநாட்டுப் படங்களுக்கான போட்டிப் பிரிவே 1956ஆம் ஆண்டுப் படங்களில் இருந்துதான் தொடங்கியது. பதேர் பாஞ்சாலி கொல்கத்தாவில் திரைக்கு வந்தது 1955 ஆகஸ்டில். அந்தப் பிரிவின் இறுதிப் பட்டியலுக்குப் போன முதல் இந்தியப் படம் மதர் இந்தியா. அதுவும் விருதை வெல்லவில்லை.

சரி, குழப்பம் எங்கிருந்து வந்தது? 1992இல் பதேர் பாஞ்சாலியை இயக்கிய சத்யஜித் ரேக்கு வாழ்நாள் சாதனைக்காகக் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். கொல்கத்தா மருத்துவமனையில் படுத்தபடியே அதைப் பெற்றுக்கொண்டார். அடுத்த மாதமே காலமானார். அந்த விருது அவருக்குத்தானே தவிர, எந்தத் தனிப் படத்துக்கும் இல்லை.

உண்மையில் கிடைத்த பெருமையே பெரிது. 1956இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் 'சிறந்த மனித ஆவணம்' என்ற விருது, இந்தியாவில் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது படம் உருவான விதம். 1952இல் தொடங்கிய படப்பிடிப்பு காசில்லாமல் பலமுறை நின்றது. ரே இன்சூரன்ஸ் பாலிசியை அடகு வைத்தார், சேர்த்து வைத்திருந்த இசைத்தட்டுகளை விற்றார், மனைவியின் நகைகளும் போயின. கடைசியில் மேற்கு வங்க அரசின் பணத்தில்தான் படம் முடிந்தது. படத்தில் இந்திர் என்ற பாட்டியாக நடித்த சுனிபாலா தேவி, படம் வெளிவரும் முன்பே இறந்துவிட்டார்.