எம்.பி.யின் கையெழுத்து மட்டும் போதுமா?

‘18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எம்.பி. ஒருவரைத் தெரிந்திருந்தால், வெற்று உறையில் கையெழுத்து வாங்கி வைத்து, வேண்டும்போது இலவசமாகக் கடிதம் அனுப்பலாம்’ என்று சிலர் சொல்வதுண்டு (எம்.பி.க்களின் கடிதங்களுக்கு அப்போது அஞ்சல் கட்டணம் கிடையாது). 1764 வரைக்கும் இது சரி. அந்த ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, முகவரி முழுவதையும் எம்.பி.யே தன் கைப்பட எழுத வேண்டும். 1784 முதல் அஞ்சலிடும் ஊரும் தேதியும்கூட அவர் கையெழுத்தில் இருக்க வேண்டும். அதாவது, உதவி கேட்பவர் யாருக்கு, என்றைக்கு அனுப்பப்போகிறார் என்பதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். நாள் தவறினால் உறை வீண். கட்டணம் பெறுபவர் தலையில் விழும் (அப்போது பொதுவாகப் பெறுபவர்தான் கட்டினார்). 1795இல் நாளுக்கு 10 கடிதங்கள்தான் என்று வரம்பும் வந்தது. நண்பர் கூட்டம் பெரிதாக இருந்த எம்.பி.க்கு அது எந்த மூலைக்கு!

சரிபார்க்க நினைப்பவர்கள் அஞ்சல் அருங்காட்சியகங்களின் இணையப் படங்களில் 1784க்குப் பிந்தைய உறை ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேல் வரியில் ஊரும் தேதியும், நாள் பெரும்பாலும் எண்ணாக இல்லாமல் எழுத்தாலேயே, இருக்கும். இடது கீழ் மூலையில் கையொப்பம். இரண்டையும் நடுவிலுள்ள முகவரியோடு ஒப்பிட்டால் எல்லாம் ஒரே கை என்பது தெரியும்.